சிசி கணக்கு எஸ்எம்ஏ-1ல் நிற்கிறது, என்பிஏ ஆவதற்குள் என்ன செய்யலாம்?

சிங்கை மில்லிங் (திரியைத் தொடங்கியவர்)

வணக்கம்ங்க. சிங்காநல்லூர் பக்கம் சின்னதா ஒரு மெஷினிங் யூனிட் நடத்திட்டிருக்கேன். ரெண்டு விஎம்சி மில்லிங் மெஷின், ஒரு சிஎன்சி லேத், ஏழு பேர் வேலை. காஸ்டிங் நாங்களே வாங்கி, பம்ப் பாடி, வால்வு பாடி மெஷினிங் பண்ணி சப்ளை பண்றோம். புரொப்ரைட்டர்ஷிப் தான்.

ஒரு பொதுத்துறை வங்கியில 40 லட்சம் சிசி (கேஷ் கிரெடிட், தொழில் நடத்தத் தேவைக்கேற்ப எடுத்துக் கட்டற கடன்), மெஷினுக்கு 26 லட்சம் டேர்ம் லோன். ரெண்டுக்கும் அடமானம் அப்பா கட்டின வீடு. டேர்ம் லோன் தவணை ஒண்ணு கூட தவறலைங்க. சிசியிலயும் வட்டி மாசாமாசம் போயிட்டுத்தான் இருக்கு.

பிரச்சனை என்னன்னா, எங்க பெரிய கஸ்டமர் ஒருத்தர் நாலு மாசத்துக்கு மேல பணம் தரலை. 26 லட்சம் அங்கயே நிக்குது. கேட்டா "அடுத்த வாரம்"னு சொல்றாங்க. ஆர்டர் மட்டும் வந்துட்டே இருக்கு. 2022 செப்டம்பர்ல மின் கட்டணம் ஏத்தினதுல இருந்து மெஷின் ஓடினாலும் நின்னாலும் நிலைக்கட்டணம்னு ஒரு பெரிய தொகை போகுது. அதையும் பல்லைக் கடிச்சுட்டு கட்டிட்டு வர்றேன்.

போன வாரம் வங்கியில இருந்து கணக்கு எஸ்எம்ஏ-1, அதாவது வாராக்கடன் ஆகறதுக்கு முந்தின எச்சரிக்கை நிலைன்னு மெசேஜ். மேனேஜர் கூப்பிட்டு, "இப்படியே போனா ஸ்லிப் ஆயிடும், நான் ஒண்ணும் பண்ண முடியாது"ங்கறார். தவணையும் வட்டியும் ஒழுங்கா கட்டுறவனோட கணக்கு எப்படிங்க என்பிஏ (வாராக்கடன்) ஆகும்? பக்கத்து ஷெட்காரர் ஒருத்தர், வெளியில 20 லட்சம் கைமாத்து வாங்கி ஒரு நாள் கணக்குல போட்டு மறுநாள் எடுத்துடு, சரியாயிடும்கறார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓய்வுபெற்ற மேலாளர்

தம்பி, முதலில் அந்தக் கைமாற்று யோசனையை விட்டுவிடுங்கள். ஒரு நாள் பணம் வந்து மறுநாள் போவது ஸ்டேட்மென்ட்டில் பளிச்சென்று தெரியும். கணக்கும் சரியாகாது, மீட்டர் வட்டிக் கடன் ஒன்றுதான் மிச்சமாகும்.

நான் 30 வருடத்துக்கு மேல் கிளைகளில் வேலை பார்த்தவன், அதில் பெரும்பகுதி சிறுதொழில் கடன்தான். கடைசியாகக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் சரக்கு எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, காஸ்டிங் கொடுத்த ஃபவுண்டரிக்கு நீங்கள் தர வேண்டியது எவ்வளவு, இன்றைக்கு சிசியில் எவ்வளவு எடுத்திருக்கிறீர்கள்? சாங்ஷன் கடிதத்தில் மார்ஜின் (உங்கள் பங்காக வங்கி கழிக்கும் பகுதி) எத்தனை சதவீதம் என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

சிங்கை மில்லிங்

சரக்கு 20 லட்சம். ஃபவுண்டரிக்கு 6 லட்சம் தரணும். வரவேண்டியது மொத்தம் 38 லட்சம், அதுல 26 அந்த ஒரே பார்ட்டி. சிசியில எடுத்திருக்கறது 38.8 லட்சம். மார்ஜின் ரெண்டுக்கும் 25 சதவீதம்னு போட்டிருக்கு சார். லிமிட்டுக்குள்ள தானே இருக்கேன்?

ஓய்வுபெற்ற மேலாளர்

லிமிட்டுக்குள் இருக்கிறீர்கள். டிபிக்குள் இல்லை. சிக்கலே அங்கேதான். 40 லட்சம் என்பது உச்சவரம்பு. இந்த மாதம் அதில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை டிராயிங் பவர், அதாவது டிபி, தீர்மானிக்கும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

சரக்கு 20 லட்சத்தில் ஃபவுண்டரிக்குத் தர வேண்டிய 6 லட்சத்தைக் கழித்தால் 14. அதில் கால் பங்கு மார்ஜின் போனால் 10.5 லட்சம். வரவேண்டியதில் 90 நாளைத் தாண்டிய பில்லைப் பெரும்பாலான வங்கிகள் கணக்கில் எடுக்காது. ஆகவே 38 லட்சத்தில் அந்த 26 அப்படியே கழிந்துவிடும். மீதி 12க்கு மார்ஜின் போக 9 லட்சம். இரண்டையும் கூட்டினால் டிபி 19.5 லட்சம். எடுத்திருப்பது 38.8. ஆக, 19.3 லட்சம் அதிகம்.

இப்போது இதைப் பாருங்கள். அந்த 26 லட்சம் 90 நாளுக்குள் இருந்திருந்தால் டிபி 39 லட்சமாக இருந்திருக்கும். உங்கள் கணக்கு சுத்தமாக இருந்திருக்கும். நீங்கள் ஒரு ரூபாய் கூடுதலாக எடுக்கவில்லை, வட்டி பாக்கி வைக்கவில்லை. வேறொருவர் பணம் தராததால் உங்கள் கணக்கு 19.3 லட்சத்துக்கு ஒழுங்கு தவறியதாகிவிட்டது. சிறுதொழில் வாராக்கடன் என்று பேப்பரில் படிக்கும்போது இந்த மாதிரிக் கணக்குகளும் அதற்குள் கிடக்கின்றன. என் அனுபவத்தில் ஏமாற்றுக்காரர்களைவிட இவர்கள்தான் அதிகம்.

விதி இதுதான். சிசி நிலுவை டிபியைத் தாண்டி 90 நாள் தொடர்ந்து நின்றால் என்பிஏ. 90 நாள் வரவே இல்லாவிட்டாலும் என்பிஏ, வந்த வரவு அந்தக் காலத்து வட்டிக்குப் போதாவிட்டாலும் என்பிஏ. நீங்கள் வட்டியைக் கட்டுவதால் கடைசி இரண்டிலும் தப்பிக்கிறீர்கள், முதலாவதில் மாட்டுகிறீர்கள். எஸ்எம்ஏ-1 என்றால் 31 முதல் 60 நாள். அதற்கடுத்து எஸ்எம்ஏ-2, பிறகு என்பிஏ.

இன்னொன்று. வகைப்படுத்துவது கணக்கை வைத்து அல்ல, ஆளை வைத்து. சிசி விழுந்தால், தவணை தவறாத உங்கள் டேர்ம் லோனும் சேர்ந்தே விழும்.

கரூர் தறி

இதப் படிச்சா வயிறு எரியுது சார். ஆயிரம் கோடி, பத்தாயிரம் கோடின்னு வாங்கினவனுக்கெல்லாம் பாதிக்கு மேல விட்டுக்கொடுத்து செட்டில்மென்ட். 40 லட்சம் வாங்கி, வட்டியும் கட்டிட்டு இருக்கறவனுக்கு வீட்டு வாசல்ல நோட்டீஸ். இது என்ன நியாயம்? மேனேஜர் மனசு வெச்சா ஒரு மாசம் தள்ளிப் போட முடியாதா?

ஓய்வுபெற்ற மேலாளர்

கோபம் நியாயமானது. ஆனால் மேனேஜர் மனசு வைத்துத் தள்ளிப்போடும் காலம் முடிந்துவிட்டது. முன்பெல்லாம் மார்ச் 31 இரவு வரை உட்கார்ந்து கையால் மாற்றியிருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். ரிசர்வ் வங்கி 2020ல் போட்ட உத்தரவுப்படி 2021 ஜூன் முடிவுக்குள் எல்லா வங்கிகளும் இதைக் கணினியிடம் விட்டாக வேண்டியதாயிற்று. இப்போது தினமும் நாள் முடிவில் சிஸ்டமே குறிக்கிறது. 2021 நவம்பர் சுற்றறிக்கை இன்னும் இறுக்கியது. ஒருமுறை என்பிஏ ஆகிவிட்டால் பாக்கி முழுவதையும் கட்டினால்தான் மேலே வரும். வட்டியை மட்டும் கட்டி மேலே கொண்டுவர முடியாது.

பெரிய முதலாளிகள் விஷயத்தில் நான் வங்கிக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. திவால் சட்டத்தில் தீர்வு கண்ட கம்பெனிகளில், கடன் கொடுத்தவர்கள் கோரியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கிறது. 2018ல் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்த மொத்த வாராக்கடன் 2024 மார்ச்சில் 3 சதவீதத்துக்குக் கீழே வந்ததில் ரைட்-ஆஃப் பங்கும் உண்டு. ரைட்-ஆஃப் என்பது தள்ளுபடி அல்ல, வங்கி தன் புத்தகத்திலிருந்து எடுத்தாலும் வாங்கியவர் பெயரில் கடன் அப்படியே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சிறியவரிடம் வசூல் நடப்பதற்குக் காரணம் அவருடைய வீட்டுப் பத்திரம் வங்கிப் பெட்டியில் இருக்கிறது. பெரியவரிடம் இருப்பது ஓடாத ஆலையும் வழக்கும்.

சிசி பணத்தில் சைட் வாங்கிப் போட்டவர்களையும், மகள் கல்யாணத்துக்குத் திருப்பியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக இறுக்கிய விதி இந்தத் தம்பி மாதிரி ஆட்கள் கழுத்திலும் சேர்ந்தே விழுகிறது.

கோவை டிஆர்டி வக்கீல்

இந்தத் திரியைத் தொடங்கியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும், இன்றே செய்ய வேண்டியது. டிஆர்டி (கடன் வசூல் தீர்ப்பாயம்) வழக்குக்காக என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பேப்பரில் சுவாதீன அறிவிப்பு (அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொண்டது என்ற விளம்பரம்) வந்த பிறகு வருகிறார்கள். நீங்கள் அதற்கு வெகு முன்னால் நிற்கிறீர்கள். சட்டம் உங்களுக்குத் தரும் பலமான உரிமை இந்த எஸ்எம்ஏ காலத்தில்தான் இருக்கிறது.

மத்திய அரசின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அமைச்சகம் 2015 மே 29ல் சிறுதொழில்களின் மறுவாழ்வுக்காக ஒரு வழிமுறையை அறிவித்தது. ரிசர்வ் வங்கி அதை 2016 மார்ச் 17ல் வங்கிகளுக்கான கட்டளையாக வெளியிட்டது. 25 கோடி வரை கடன் உள்ள எல்லாச் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் பொருந்தும். கணக்கு என்பிஏ ஆவதற்கு முன்பே வங்கி நலிவைக் கண்டுபிடிக்க வேண்டும், 10 லட்சத்துக்கு மேல் என்றால் அதற்கென உள்ள கமிட்டிக்கு அனுப்ப வேண்டும். வங்கி அனுப்பாவிட்டால் நீங்களே விண்ணப்பிக்கலாம். கமிட்டியில் வங்கியின் மண்டலத் தலைவர், எம்எஸ்எம்இ கடன் அதிகாரி, வெளியிலிருந்து ஒரு நிபுணர், மாநில அரசுப் பிரதிநிதி இருப்பார்கள். விண்ணப்பம் வந்த 5 வேலை நாளுக்குள் கூட வேண்டும், கூடியதிலிருந்து 30 நாளுக்குள் எந்த வழி என்று முடிவெடுக்க வேண்டும். வழிகள் மூன்று: சரிசெய்தல், மறுசீரமைப்பு, வசூல்.

இது வெறும் அறிவுரையா, கட்டாயமா என்று பல வருடம் வழக்கு நடந்தது. 2024 ஆகஸ்ட் 1ல் புரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வங்கிகள் இதற்குக் கட்டுப்பட்டவை என்று சொன்னது. அதே தீர்ப்பில் இன்னொரு பாதியும் இருக்கிறது. நான் ஒரு எம்எஸ்எம்இ, என் தொழில் நலிவில் இருக்கிறது என்று உரிய சான்றுகளோடு உரிய நேரத்தில் சொல்ல வேண்டியது கடன் வாங்கியவர் பொறுப்பு. சும்மா இருந்துவிட்டு, சர்ஃபேசி (அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சட்டம்) நடவடிக்கை எல்லாம் ஓடிய பிறகு அதைக் கிளப்ப முடியாது. 2025 ஜூலையில் வந்த இன்னொரு தீர்ப்பில், அந்தச் சட்டத்தின் 13(2) நோட்டீஸுக்கு (60 நாளில் கடனைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ்) தரும் பதிலிலாவது காரணங்களோடு, பிரமாணப் பத்திரத்தோடு கேட்டால் வங்கி அதைப் பரிசீலிக்க வேண்டும், அதுவரை மேல் நடவடிக்கையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அது கடைசிப் படி. அதுவரை காத்திருக்காதீர்கள்.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. நலிவைக் கண்டுபிடிக்கிற கடமை வங்கிக்கும்தானே இருக்கிறது? வங்கியிடம் சட்டத்துறையே இருக்கிறது. ஏழு பேரை வைத்து லேத் ஓட்டுகிறவருக்கு இப்படி ஒரு கமிட்டி இருப்பதே தெரியாது. எஸ்எம்ஏ என்று மெசேஜ் அனுப்பத் தெரிந்த சிஸ்டத்துக்கு, "நீங்கள் கமிட்டிக்கு விண்ணப்பிக்கலாம்" என்று ஒரு வரி சேர்க்க முடியாதா?

சிங்கை மில்லிங்

ரொம்ப நன்றிங்க சார். இன்னிக்கு காலைல கிளைக்குப் போய்க் கேட்டேன். அப்படி ஒரு கமிட்டி இருக்கறதாவே எங்களுக்குத் தெரியலைன்னுட்டாங்க. வாயால கேட்டதோட திரும்பி வந்துட்டேன்.

கோவை டிஆர்டி வக்கீல்

வாயால் கேட்டது எதுவும் நடந்ததாகவே கணக்கில்லை. கடிதமாகக் கொடுங்கள், கிளை மேலாளருக்கு ஒன்று, மண்டல அலுவலகத்துக்கு ஒன்று. நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை வைக்க மறுத்தால் அங்கேயே வாக்குவாதம் வேண்டாம், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலும் போடுங்கள்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இந்தப் பொருளில் இருந்தால் போதும்:

"எங்கள் நிறுவனம் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில். பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வர வேண்டிய 26 லட்சம் ரூபாய் தாமதமானதால் டிராயிங் பவர் குறைந்து கணக்கு எஸ்எம்ஏ-1 ஆகியுள்ளது. வட்டியும் டேர்ம் லோன் தவணையும் முறையாகச் செலுத்தப்பட்டு வருகின்றன. தொழில் தொடர்ந்து நடக்கிறது, ஆர்டர்கள் கைவசம் உள்ளன. 2016 மார்ச் 17 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி எங்கள் கணக்கைக் கமிட்டியின் பரிசீலனைக்கு அனுப்பி, சரிசெய்தல் திட்டம் வகுத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

உத்யம் சான்றிதழ், கடைசி இரண்டு வருட பேலன்ஸ் ஷீட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், கைவசம் உள்ள பர்சேஸ் ஆர்டர், அந்த வாடிக்கையாளருக்குப் போட்ட பில்கள், அடுத்த 12 மாதப் பணவரவு உத்தேசம். இத்தனையும் இணையுங்கள். உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லாவிட்டால் இன்றிரவே போடுங்கள், கட்டணம் கிடையாது.

ஓய்வுபெற்ற மேலாளர்

வக்கீல் சார் "சரிசெய்தல்" என்று எழுதச் சொன்னதைக் கவனித்தீர்களா? அதை "மறுசீரமைப்பு" என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். மறுசீரமைப்பு என்று வந்தால், தவணையை நீட்டினாலோ மிகுதித் தொகையைப் பிரித்துத் தனி டேர்ம் லோன் ஆக்கினாலோ, பொதுவான விதிப்படி கணக்கு அன்றே என்பிஏ வகைக்கு இறங்கிவிடும். 2019 ஜனவரியிலும் கொரோனா காலத்திலும் அப்படி இறக்காமல் சீரமைக்கத் தனிச்சலுகை இருந்தது. அந்தச் சலுகைகளின் காலம் முடிந்துவிட்டது. இன்னும் பலர் அதை நினைத்துக்கொண்டு "ரீஸ்ட்ரக்சர் பண்ணுங்க" என்று கேட்டு, என்பிஏ முத்திரையைத் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள்.

சரிசெய்தலில் இரண்டு விஷயம் கேட்கலாம். ஒன்று, இந்தத் தேதிக்குள் இவ்வளவு கட்டி ஒழுங்குபடுத்துகிறேன் என்ற உறுதிமொழி அடிப்படையிலான திட்டம். இரண்டாவது, அவசியமென்றால் சிறு கூடுதல் கடன், அதை அதிகபட்சம் 6 மாதத்துக்குள் அடைக்க வேண்டும். உங்கள் பங்காகவும் கொஞ்சம் பணம் கொண்டுவரச் சொல்வார்கள், தயாராக இருங்கள்.

ஆர்.எஸ்.புரம் ஆடிட்டர்

எல்லோரும் வங்கிப் பக்கமே பார்க்கிறோம். நோய் இருப்பது அந்த 26 லட்சத்தில். அதற்கும் சட்டம் இருக்கிறது.

2006 எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம் 15ஆவது பிரிவுப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் 16ஆவது பிரிவுப்படி, ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரை வசதியாக்க கவுன்சிலிடம் (இந்தச் சட்டப்படி பாக்கிப் புகாரை விசாரிக்கும் அமைப்பு) தரலாம், தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி நான்கு இடத்திலும் இருக்கிறது. கவுன்சில் உங்கள் பக்கம் தீர்ப்பளித்து அவர்கள் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக நினைத்தால், 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும்.

வழக்குப் போட்டால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் எனக்குத் தெரியும். வருகிற வாடிக்கையாளர் எல்லோரும் சொல்வதுதான். அதனால் முதலில் கேஸ் வேண்டாம், கடிதம் போதும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்திருக்கிறது. உங்களுக்குக் காலக்கெடுவுக்குள் தராத தொகையை, தருகிற வருடம் வரை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. 26 லட்சம் லாபத்தில் ஏறி, வரி கட்ட வேண்டியிருக்கும். வாங்குபவரின் பர்சேஸ் மேனேஜருக்கு எழுதாதீர்கள், அவர் பதிலே போட மாட்டார். அவர்களுடைய ஃபைனான்ஸ் தலைமைக்கு, உத்யம் சான்றிதழையும் பில் பட்டியலையும் வைத்து, மரியாதையான நடையில் எழுதுங்கள். வரியைக் கணக்குப் பார்ப்பவர் அவர்தான்.

இனி வரும் பில்லுக்கு, அந்தக் கம்பெனி டிரெட்ஸ் தளத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் என்று சில தளங்கள். அவர்கள் பில்லை ஏற்றுக்கொண்டால் நிதி நிறுவனம் உங்களுக்கு உடனே பணம் தந்துவிடும், பிறகு அவர்கள் தராவிட்டாலும் உங்களைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

நொய்யல் கரை

திருப்பூர்ல இருந்து எழுதறேன். சாயப்பட்டறை வெச்சிருந்த குடும்பம் எங்களுது. 2011 ஜனவரி 28ஆம் தேதி ஹைகோர்ட் உத்தரவு வந்து அத்தனை பட்டறையும் மூடினாங்க. சாயக்கழிவுல நொய்யல் ஆறு செத்துட்டிருந்தது உண்மை, அந்த உத்தரவு தப்புன்னு இன்னிக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனா மூடின அன்னிக்கு வங்கிக்கடன் மூடலை. மெஷின் ஓடாம, ஆள் ஊருக்குப் போயி, வட்டி மட்டும் ஓடிட்டே இருந்தது. ஜீரோ டிஸ்சார்ஜுக்கு (கழிவுநீரை வெளிய விடாத முறை) மாற புதுசா கடன் வாங்கணும், பழைய கடன் என்பிஏன்னா புதுக்கடன் யாரு தருவா? எங்க தெருவுல தாக்குப் பிடிச்சவங்க ரெண்டு வகை. கைல சொந்தப் பணம் வெச்சிருந்தவங்க, இல்லைன்னா ஆரம்பத்துலயே வங்கிக்கு எழுதிக் கொடுத்து, மாசாமாசம் போயி உட்கார்ந்து பேசினவங்க. போன் எடுக்காம ஒளிஞ்சவங்க வீட்டைத்தான் முதல்ல ஏலம் விட்டாங்க.

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப திரும்ப அதே பயம். பையர் ஆர்டரை நிறுத்தி வைக்கறான், இல்லைன்னா வரியில பாதியை நீ ஏத்துக்கங்கறான். இந்த தடவை ரிசர்வ் வங்கி நவம்பர்ல ஏற்றுமதித் துறைகளுக்குன்னு தவணை ஒத்திவைப்பு அறிவிச்சது, செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரைக்குமான தவணைக்கு. ஆனா நேரா ஏற்றுமதி பண்றவங்களுக்கும் அவங்களுக்குத் தைச்சுக் கொடுக்கற, பிரிண்ட் பண்ணிக் கொடுக்கற ஜாப் ஒர்க்காரங்களுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு. அடி முதல்ல விழறது கீழ இருக்கறவனுக்கு, அறிவிப்பு போய்ச் சேர்றது கடைசியா அவனுக்கு.

சிங்கை தம்பி, வெளியில கடன் வாங்கி வங்கியை அடைக்காதீங்க. ஆப்ல தர்ற பிசினஸ் லோனும் வேண்டாம். அதைத் தொட்டவங்க நிறைய பேரு எழுந்திரிக்கவே இல்லை.

மதுரை வாசகி

நான் தொழில் செய்பவள் இல்லை. என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் வைத்திருந்தார், இப்போது நின்றுவிட்டது. கடன் வாங்கும்போது வங்கியில் ஒரு கட்டுத் தாளை நீட்டினார்கள், பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அடமானம் எனக்கு அம்மா வீட்டில் கொடுத்த வீடு. இப்போது 13(2) நோட்டீஸ் என் பெயருக்கும் வந்திருக்கிறது. யூனிட்டில் மெஷின் எல்லாம் அப்படியே இருக்கிறது. அதை முதலில் விற்காமல் என் வீட்டுக்கு வர முடியுமா? நான் இதில் ஏதாவது சொல்ல உரிமை உண்டா?

கோவை டிஆர்டி வக்கீல்

அம்மா, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முடியும். 1872 ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவுப்படி ஜாமீன்தாரர் பொறுப்பும் கடன் வாங்கியவர் பொறுப்பும் சமம். சர்ஃபேசி 13(11) பிரிவும், மற்றதை விட்டுவிட்டு ஜாமீன்தாரரிடம் நேராக வரலாம் என்றே சொல்கிறது. பழைய மெஷினை விற்பதைவிட வீட்டை விற்பது வங்கிக்குச் சுலபம்.

ஆனால் உங்களுக்கும் உரிமை உண்டு. இந்தச் சட்டத்தில் "கடனாளி" என்றால் ஜாமீன்தாரரும் சேர்த்தி. நோட்டீஸ் தேதியிலிருந்து 60 நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் பெயரிலேயே தனியாக ஆட்சேபம் எழுதுங்கள், அது வந்த 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும். எம்எஸ்எம்இ வழிமுறையைப் பற்றிய கோரிக்கையை உங்கள் கணவர் பிரமாணப் பத்திரத்தோடு இந்தப் பதிலிலேயே வைக்கலாம். மெஷினை விற்கத் தனியாக ஆள் பார்த்து, வங்கி அனுமதியோடு விற்று அந்தத் தொகையை கடனில் கட்டுகிறோம் என்று எழுதிக் கேளுங்கள், பல வங்கிகள் ஒத்துக்கொள்கின்றன.

60 நாள் கழித்து சுவாதீன நோட்டீஸ் ஒட்டினால், அதிலிருந்து 45 நாளுக்குள் மதுரை டிஆர்டியில் 17ஆவது பிரிவில் மனு போட வேண்டும். சிவில் கோர்ட்டுக்கு இதில் அதிகாரம் கிடையாது. ஹைகோர்ட்டில் ரிட் போட்டு ஒரே நாளில் ஸ்டே வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள், டிஆர்டி இருக்கும்போது அங்கே வராதே என்றுதான் உச்ச நீதிமன்றம் 2010லிருந்து சொல்லி வருகிறது. முக்கியமாக, ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழுத் தொகையும் கட்டினால் மட்டுமே வீட்டை உரிமையாக மீட்கலாம். 2016 திருத்தத்துக்கு முன் ஏலம் முடியும் வரை அவகாசம் இருந்தது, அந்த நினைப்பில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

கரூர் தறி

என் மச்சான் கடன் சிஜிடிஎம்எஸ்இ-ல (சிறுதொழில் கடன் உத்தரவாதத் திட்டம்) வாங்கினது, அடமானமே இல்லை. நொடிச்சா அரசாங்கமே வங்கிக்குக் கட்டிடும்னு சொல்றாங்களே?

ஓய்வுபெற்ற மேலாளர்

வங்கிக்குக் கட்டும், உங்கள் மச்சானுக்காகக் கட்டாது. அது வங்கியின் நஷ்டத்துக்கான உத்தரவாதம். கட்டணத்தை வாங்கியவர் தலையில் ஏற்றுவதால் அவர் தனக்கான இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார். கிளெய்ம் வந்த பிறகும் அவரிடமிருந்து வசூலிப்பது வங்கியின் கடமை. கொரோனாவில் கொடுத்த ஈசிஎல்ஜிஎஸ் (அவசரக்கால உத்தரவாத) கடனும் இதே கதைதான்.

ஆர்.எஸ்.புரம் ஆடிட்டர்

ஓடிஎஸ் (பேரம் பேசி ஒரே தடவையில் கடனை முடிப்பது) பற்றியும் யாராவது கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது உரிமை கிடையாது, 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வங்கி விரும்பினால் தரும். கணக்கு பழசாக ஆக வங்கி தன் லாபத்திலிருந்து ஒதுக்க வேண்டிய தொகை கூடும், முதல் வருடம் 15 சதவீதம், பிறகு 25, 40, கடைசியில் 100. அதனால் பழைய கணக்கில் பேரம் படிவது சுலபம். ஆனால் அத்தனை வருடமும் சிபிலில் (கடன் வரலாற்றுப் பதிவு) சிவப்பு, முடித்த பிறகும் "செட்டில்டு" என்று நிற்கும், அந்த வங்கியில் குறைந்தது 12 மாதம் புதுக்கடன் இல்லை. தொழிலைத் தொடர நினைப்பவருக்கு இது வழியல்ல. மூடிவிட்டு வெளியேறுபவருக்கு வழி.

கோவை டிஆர்டி வக்கீல்

ஆடிட்டர் சொன்னதோடு ஒன்று. கம்பெனி என்றால் திவால் சட்டத்தில் ஒரு முடிவு உண்டு, 2021ல் எம்எஸ்எம்இ கம்பெனிகளுக்கு ப்ரீ-பேக் (முன்கூட்டியே பேசி வைத்துத் தீர்வு காண்பது) என்று தனி வழியும் வந்தது. புரொப்ரைட்டருக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் அந்தச் சட்டத்தில் எழுதி வைத்த பகுதியை இன்னும் அமலுக்கே கொண்டுவரவில்லை. நாட்டில் சிறுதொழில் என்றால் மிகப் பெரும்பாலும் புரொப்ரைட்டர்தான். நேர்மையாகத் தோற்றவனுக்குக் கணக்கை முடித்து மறுபடி தொடங்க ஒரு கதவு வேண்டும், அதை 2016லிருந்து மூடியே வைத்திருக்கிறார்கள்.

சிங்கை மில்லிங்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நடந்ததைச் சொல்றேன். கடிதம் ரெண்டு இடத்துக்கும் கொடுத்தாச்சு. கிளையில முத்திரை வைக்க யோசிச்சாங்க, மண்டல அலுவலகத்துல உடனே வெச்சுக் கொடுத்துட்டாங்க. ரெண்டு நாள்ல அங்கிருந்து போன் வந்து, பணவரவு உத்தேசத்தை மாசவாரியா பிரிச்சுக் கேட்டாங்க. கமிட்டி தேதி சொல்லியிருக்காங்க.

ஆடிட்டர் சார் சொன்ன மாதிரி கஸ்டமரோட ஃபைனான்ஸ் தலைமைக்கு எழுதினேன். ஆர்டர் போயிடும்னு கை நடுங்கிட்டேதான் அனுப்பினேன். நேத்து 9 லட்சம் வந்திருக்குங்க. மீதிக்குத் தேதி தர்றதா சொல்லியிருக்காங்க. புது ஆர்டரும் நிக்கலை. அந்த 9 லட்சத்தை அப்படியே சிசியில விட்டுட்டேன். இப்ப கமிட்டியில என்ன கேக்கணும் சார்?

ஓய்வுபெற்ற மேலாளர்

நல்ல செய்தி. மறுபடி கணக்குப் போடுவோம். நிலுவை 38.8லிருந்து 29.8 ஆகிவிட்டது. வந்த பணம், டிபி கணக்கில் ஏற்கெனவே கழித்துவிட்ட பாக்கியிலிருந்து வந்ததால் டிபி அதே 19.5. இன்னும் 10.3 லட்சம் அதிகமாக நிற்கிறது.

கஸ்டமரின் மீதி 17 லட்சத்துக்கு அவர்கள் கையெழுத்திட்ட நிலுவை உறுதிக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். அந்த ஒரு பார்ட்டிக்கு மட்டும், குறிப்பிட்ட மாதங்களுக்கு, 90 நாள் வரம்பை 180 ஆகத் தளர்த்தும்படி கேளுங்கள். அனுமதித்தால் 17 லட்சத்தில் மார்ஜின் போக 12.75 டிபியில் சேரும், மொத்தம் 32.25. நிலுவை 29.8 அதற்குள் அடங்கிவிடும். இதற்குக் கிளைக்கு அதிகாரம் இல்லை, சாங்ஷன் செய்த அதிகாரிதான் தர முடியும். இதை மறுசீரமைப்பாக எடுத்துக்கொள்வார்களா என்பதையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். தளர்வு கிடைக்காவிட்டால், 10.3 லட்சத்தை எந்த மாதம் எவ்வளவு என்று அடைக்கும் அட்டவணை உங்கள் கையில் தயாராக இருக்கட்டும்.

ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை மட்டும் எந்த மாதமும் நிறுத்தாதீர்கள். கணக்கு மோசமாக இருக்கும் மாதத்தில்தான் எல்லோரும் நிறுத்துகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்ட்டை வைத்துக் கணக்கிட்ட டிபியே செல்லாது, அதனாலும் கணக்கு விழும்.

சிங்கை மில்லிங்

சரிங்க சார். நிலுவைக் கடிதம் கேட்டு இப்பவே மெயில் போடறேன். இந்த மாச ஸ்டேட்மென்ட்டை நாளைக்குக் காலைல கொடுத்துடறேன். கமிட்டி முடிஞ்சதும் வந்து எழுதறேன்.